பதினான்காம் நம்பர் வீட்டுக் காற்றாடி

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் கிளம்பிவிடும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். இதைச் சொன்னது என் வீட்டுக்காரர் பத்துமலை. கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார். அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது போட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள்.

போன மார்ச்சில் அவருக்கு லேசாக ஸ்ட்ரோக் வந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் ஆள் பிழைத்துக்கொண்டார். இடது கையை மட்டும் தோளுக்கு மேல் தூக்க வராது. இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மறதி வருகிறதா, நடக்காததை நடந்ததாகச் சொல்கிறாரா என்று கவனித்துக்கொள்ளச் சொன்னார். அதைப் போய்க் கிள்ளானில் இருக்கும் மகள் தினேஸ்வரியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

“அப்பாவுக்கு மறதி வந்துச்சுன்னா தனியா விட முடியாதும்மா. வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. நான் ஒரே பிள்ளை, எத்தன தடவ ஓடி வாரது?”

அவள் கேட்டதில் தப்பில்லை. நான் ஜெலாப்பாங்கில் ஒரு கையுறை ஃபேக்டரியின் கேண்டீனில் வேலை செய்கிறேன். காலை ஆறரைக்குப் போனால் மாலை நாலரைக்குத்தான் வீடு. அதுவரை அவர் தனியாகத்தான் இருந்தாக வேண்டும். ஆனால் கிள்ளானில் பதினேழாவது மாடியில் போய் உட்கார்ந்து நாங்கள் என்ன செய்வது? எங்கள் இரண்டு குடும்பத்திலும் சொந்தப் பெயரில் வீடு என்று எழுதி வாங்கியது நாங்கள்தான். அதைப் பூட்டிவிட்டுப் போக எனக்கும் மனசில்லை, அவருக்கும் மனசில்லை. ஆக, அவர் புத்தி தெளிவாக இருக்கும்வரைக்கும்தான் எங்களுக்கு அந்த வீடு. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

வீடு ஈப்போவை ஒட்டிய செமோர் பக்கம். தோட்டத்தை விற்று, ரப்பர்ப் பால்மரத்தையெல்லாம் தள்ளிவிட்டுத் தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டியபோது, வேலை செய்த எங்களுக்கென்று ஓரத்தில் ஒரு வரிசை ஒதுக்கினார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய பதினான்கு வீடு. எங்களுடையது பதினான்கு, கடைசி வீடு. ரோட்டுக்கு அழகாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், நாங்கள் இன்னும் தோட்டத்தில் சொன்ன மாதிரி லயம் என்றுதான் சொல்கிறோம். லயத்துப் பழக்கம் ஒன்று எங்களை விட்டுப் போகவே இல்லை. எதையும் தனியாக வாங்க மாட்டோம். ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி மாற்றினால் எல்லா வீட்டிலும் மாறும். மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் குறைத்துக் கொடுப்பார் என்பது ஒரு காரணம். எவள் வீட்டிலும் நம் வீட்டைவிட நல்ல சாமான் இருந்துவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை யாரும் வெளியே சொல்வதில்லை.

வீடு கட்டிக் கொடுத்தவன் கூரையில் மாட்டிய கரண்ட் காற்றாடிகளுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. எங்கள் ஹாலில் இருந்தது சாமி வந்த மாதிரி ஆடும். அதற்கு நேர் கீழே பிரம்பு நாற்காலியில் இவர் உட்கார்ந்திருப்பார்.

“இன்னொரு தடவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறியா? மாத்துலா,” என்றார் ஒரு நாள்.

சரியென்று வரிசை முழுக்கப் போய்ப் பேசினேன். காற்றாடி விஷயத்தில் முன்னால் நின்றது நான்தான், அதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன். பன்னிரண்டாம் நம்பர்க்காரர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், அந்த வீடு பூட்டியே கிடக்கும். மற்ற பதின்மூன்று வீடும் சரி என்றது. இவரையும் பக்கத்து வீட்டுத் துளசியையும் கூட்டிக்கொண்டு ஈப்போவில் அப்துல் நாசர் பாய் கடைக்குப் போனேன். துளசி பதின்மூன்றாம் நம்பர். புருஷன் லாரி விபத்தில் போய் இரண்டு வருடமாகிறது. வீட்டிலேயே உட்கார்ந்து ரவிக்கை தைத்துப் பிழைக்கிறாள்.

கடையில் தலைக்கு மேல் நாற்பது காற்றாடி தொங்கியது. எனக்கு அண்ணாந்து பார்த்தே தலை சுற்றிவிட்டது. மூன்று இறக்கையா, ஐந்து இறக்கையா? நாற்பத்தெட்டு அங்குலமா, ஐம்பத்தாறா? கம்பி நீளமா, குட்டையா? விளக்கு வைத்ததா, வைக்காததா?

“மோட்டார் ஏசியா டிசியா, தங்கச்சி?” என்றார் பாய்.

“ஏசி வாங்குற வசதி இருந்தா நான் ஏன் பாய் காத்தாடி கேக்குறேன்?”

அவர் சிரிக்காமல் விளக்கினார். டிசி என்றால் கரண்ட் கம்மியாம், சத்தம் இல்லையாம், ரிமோட்டில்தான் ஓடுமாம். ஏசி என்றால் பழைய மாதிரி, சுவரில் திருகுவது. ஐந்து இறக்கை என்றால் காற்று பரவலாக வருமாம், மூன்று இறக்கை என்றால் வேகமாக வருமாம். எங்கள் வீட்டுக் கூரை தாழ்வு என்பதால் குட்டைக் கம்பி போதுமாம். எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினேன். பாதி புரியவில்லை. பதின்மூன்று வீட்டுக்காக வந்த ஆள், புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

“சுவத்துல திருகுறதே வாங்கிரலாம் நவமணி. எத்தனையில ஓடுதுன்னு கண்ணுக்குத் தெரியும்,” என்றார் இவர்.

“நீங்க காலை இழுத்துக்கிட்டுச் சுவத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வேர்த்து ஊத்திரும். ரிமோட்டுன்னா நாற்காலியில இருந்தே அமுக்கலாம். பேசாம இருங்க.”

மூன்று இறக்கை, டிசி, ரிமோட், வெள்ளை நிறம் என்று நான் கையைக் காட்டினேன். துளசிக்கு விளக்கு வைத்தது மேல் ஆசை. வரிசையில் அவளுக்கு மட்டும் விளக்கு எதற்கு என்று அதையும் அடக்கிவிட்டேன்.

மாட்டுவதற்குப் பாய் அனுப்பிய வயர்மேன் மகேந்திரன். நாற்பது வயது, நல்ல வேலைக்காரர். ஒவ்வொரு வீட்டிலும் கூரைக் கொக்கியைத் தொங்கிப் பார்த்து, துருப்பிடித்ததை மாற்றி, அப்புறம்தான் மாட்டினார். இரண்டு நாள் ஆனது. கடைசியாக எங்கள் வீடு. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, ‘அந்தத் திருகாணிய இறுக்கு, இந்த வயரைத் தள்ளிக் கட்டு’ என்று கங்காணி வேலை பார்த்தார். காற்றாடி சுற்றியது. ஒரு சத்தம் இல்லை. நாள்காட்டி மட்டும் சுவரில் படபடத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே மகேந்திரன் சொன்னார்:

“அக்கா, இனி வீடு வீடாப் போய் ஒவ்வொரு ரிமோட்டையும் அந்தந்தக் காத்தாடிக்குன்னு செட் பண்ணிக் குடுக்கணும். வீட்டுக்குப் பத்து நிமிஷம். கடையில இருந்து வரப்ப ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இல்லாம எல்லாம் சாமாதான் இருக்கும்.”

“சாமாவா இருந்தா நல்லதுதானே தம்பி? என் ரிமோட் கெட்டுப்போனா துளசிகிட்ட வாங்கி அமுக்கிக்குவேன். அவளுது கெட்டா என்கிட்ட வாங்கிக்குவா.”

எங்கள் வரிசையில் ஏணி ஒன்றுதான், ஆட்டுக்கல் ஒன்றுதான், தேங்காய் பறிக்கும் துரட்டி ஒன்றுதான். எல்லாம் வீடு வீடாகப் போய் வரும். ரிமோட் மட்டும் என்ன உசத்தி என்று நினைத்தேன். மகேந்திரன் தலையைச் சொறிந்தார். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

“சரிக்கா. ஏதும் தொல்லை, சுசாவா இருந்தா கூப்பிடுங்க,” என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் அதை அத்தோடு மறந்தேன்.

நாலு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் வேலை முடிந்து வந்தால், காற்றாடி ஓடவில்லை. இவர் பனியன் நனைந்து உட்கார்ந்திருக்கிறார். ரிமோட் மடியில் இருக்கிறது.

“ஏங்க, போட வேண்டியதுதானே?”

“போட்டேன். நின்னுருச்சு. மறுபடியும் போட்டேன். மறுபடியும் நின்னுருச்சு.”

நான் வாங்கி அமுக்கினேன். ஓடியது.

“ஓடுதே.”

“இப்ப ஓடும். அப்ப ஓடல. நான் போடப் போட அது அடக்குது நவமணி. நானும் விடல, அதுவும் விடல. யாரோ எங்கூட வெளையாடுறாங்க.”

யாரோ விளையாடுகிறார்கள் என்று அவர் சொன்னதும், நடக்காததை நடந்ததாகச் சொல்கிறாரா என்று டாக்டரம்மா கேட்டது அப்படியே காதில் ஒலித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க இதே பாட்டுதான். தினமும் ஒரு புகார். பதினொரு மணிக்கு நின்றதாம், கால் மணி நேரம் கழித்துத் தானாக ஓடியதாம். மூன்றில் வைத்தது ஒன்றுக்கு இறங்கியதாம். நான் இருக்கும்போது அப்படி எதுவும் நடக்காது. ஒரே ஒரு நாள், நான் அடுப்படியில் ரசம் தாளித்துவிட்டு வந்து பார்த்தால், மூன்றில் வைத்துப் போன காற்றாடி ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றில் வைத்தேனா, ஒன்றில்தான் வைத்தேனா என்று எனக்கே குழப்பம். இதை நான் மகளிடம் சொல்லவில்லை. எனக்குத்தான் ஸ்ட்ரோக் வரவில்லையே.

“நீங்களே அமுக்கிட்டு மறந்துர்றீங்க. மடியில வச்சிருந்தா கை பட்டு அடங்குது,” என்று கத்தினேன்.

“நான் தொடலை. அந்த மகேந்திரன் கூட அன்னைக்கு என்னமோ சொன்னாரே...”

“அவர் என்ன சொன்னாரு? நல்லா மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு. ஊரான் மேல பழி போடாதீங்க.”

அதற்கு மேல் அவரை நான் பேசவிடவில்லை.

அடுத்த நாள் ஒரு காரியம் செய்தேன். காலையில் காற்றாடியை மூன்றில் போட்டுவிட்டு, ரிமோட்டை என் கைப்பையில் வைத்து ஜெலாப்பாங்குக்கே கொண்டுபோய்விட்டேன். இனி எதை அமுக்குவார், பார்ப்போம் என்று நினைத்தேன். மாலையில் வந்தால் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. இவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கும் நின்னுச்சு. ஒரு மணி நேரம். ரிமோட்டத் தேடினேன், காணோம். வெந்துட்டேன். பெறவு தானா வந்துச்சு.”

கைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

“இது பத்து மைலுக்கு அங்கிட்டு என் பையில இருந்துச்சு. காத்தாடி எப்படிங்க தானா நிக்கும், தானா சுத்தும்? சொல்லுங்க பாப்போம்.”

அவர் ரிமோட்டைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் தொடவில்லை என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான், இவர் இல்லாததையெல்லாம் பார்க்கிறார். முகத்தைக் கழுவுகிற சாக்கில் குளியலறையில் போய் அழுதேன். அப்புறம் தினேஸ்வரிக்குப் போன் போட்டேன்.

அவள் வீடியோவில் வந்தாள்.

“அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

இவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். அவள் திரையில் உதட்டைக் கடித்தாள். முந்தின நாள் நான் சமைத்து வைத்துப் போனது என்ன என்று எனக்கும்தான் ஞாபகம் வரவில்லை. ஆனால் கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை.

“சனிக்கிழம வாரேம்மா. கையோட கூட்டிட்டு வந்துரலாம். இங்க நல்ல ஸ்பெஷலிஸ்ட் இருக்காங்க,” என்றாள்.

அந்த நாட்களில்தான் துளசி வீட்டு வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கியது. என்னடி விசேஷம் என்று கேட்டேன். சும்மாதான்கா என்று உள்ளே போய்விட்டாள். எனக்கிருந்த கவலையில் நானும் தோண்டிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான் துணி மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். இவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நவமணி, நான்தான் அமுக்கியிருக்கேன்.”

நான் நிமிர்ந்தேன்.

“யோசிச்சுப் பாத்தேன். நான்தான் அமுக்கியிருக்கேன். இப்ப ஞாபகம் வருது. கை தானா அமுக்கிருக்கு. நீ சொன்னது சரிதான். இனிமே கத்தாத, கிள்ளானுக்குப் போலாம்.”

என் புத்தி எவ்வளவு கேவலம் என்று சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஒரு வாரமாகப் போட்ட சண்டையில் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு பாடு இல்லைல?” என்றுகூடச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் காரோடு வந்துவிட்டாள். இவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பிரம்பு நாற்காலியில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். நான் பின் கதவைப் பூட்டினேன், கேஸை மூடினேன், ஜன்னலெல்லாம் சாத்தினேன். கடைசியாகக் கைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்துக் காற்றாடியை அடக்கினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் துளசியின் குரல் கேட்டது.

“ஐயோ சாமி, மறுபடியுமா?”

யாரோடு பேசுகிறாள் என்று நின்றேன். சூடாக இருந்ததால், கிளம்பும்வரை ஓடட்டும் என்று மறுபடியும் மூன்றை அமுக்கினேன். அப்புறம், “என்னதாங்க வேணும் உங்களுக்கு? நேத்துத்தானே படையல் போட்டேன்,” என்று அழுகிற குரல்.

ரிமோட்டைப் பார்த்தேன். அடக்கினேன். கத்தரிக்கோல் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

செருப்புகூடப் போடவில்லை. மகள் “எங்கம்மா போறீங்க?” என்று கூப்பிட்டதற்கும் நிற்கவில்லை. துளசி வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. ஹாலில் தரை முழுக்க ஒரு பச்சைப் பட்டு விரித்திருந்தாள், பாதி வெட்டியிருந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காற்றாடி வேகம் குறைந்து நின்றுகொண்டிருந்தது. நான் வாசலில் நின்றபடியே மூன்றை அமுக்கினேன். சுற்றியது. பட்டுத்துணி தரையைவிட்டு எழும்பியது. என் வீட்டிலிருந்து மகள், “அம்மா, காத்தாடி தானா ஓடுது,” என்று கூப்பிட்டாள்.

துளசி என் கையைப் பார்த்தாள்.

“அக்கா, நீங்களா?”

“நீயாடி?” என்றேன் நானும்.

உட்கார வைத்துக் கேட்டால் கொட்டிவிட்டாள். துணி வெட்டும்போது காற்றடித்தால் பட்டு நழுவும். அதற்காகக் காற்றாடியை அடக்குவாளாம். அடக்கிய கையோடு அது தானாகச் சுற்றுமாம். திரும்ப அடக்குவாளாம், திரும்பச் சுற்றுமாம். செத்துப்போன புருஷன்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

“அதுலயும் எனக்கு ஒண்ணுமே புரியலக்கா. இருந்தப்ப காத்தாடி போட்டாலே கரண்ட் வீணாப்போகுதுன்னு கத்துவாரு. இப்ப எதுக்குப் போட்டுப் போட்டு விடுறாருன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி.”

அவள் தயங்கினாள். பட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“பைத்தியம்னு திட்டுவீங்கன்னு பயந்தேன்கா. நீங்க மாமாவத் திட்டுறதெல்லாம் சுவரு வழியா கேக்குமே.”

அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு. மகேந்திரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னது வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்தது. எல்லாம் சாமாதான் இருக்கும் என்றாரே. நல்லதுதானே என்று சொன்னது நான். டிவி ரிமோட் மாதிரி அந்த ரூமுக்குள் மட்டும்தான் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். இது சுவர் தாண்டிப் போகிற சாமான். மறந்துபோனது நான். ஒரு வாரமாக மறதிக்காரர் என்று பெயர் வாங்கியது அவர்.

வீட்டுக்கு வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். மகள் நிலைப்படியில் நின்றாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். துளசி அடக்கினால் இங்கே அடங்கும், நீங்கள் போட்டால் அங்கே ஓடும், இரண்டு பேரும் மாற்றி மாற்றி அமுக்கியிருக்கிறீர்கள் என்றேன். அவர் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப நான் அமுக்கலையா?”

“இல்லைங்க. நீங்க சொன்னதுதான் நெசம்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. நான் அமுக்குனது எனக்கு ஞாபகம் இருக்கே. கை படுறது, அது அடங்குறது, எல்லாம் ஞாபகம் இருக்கு.”

“அது நான் கத்திக் கத்தி உங்க மண்டையில ஏத்துனதுங்க. நடக்கவே இல்ல.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பலாமா, வேண்டாமா என்று தேடுகிற பார்வை அது. முப்பத்தைந்து வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர். நம்பித்தானே தன் ஞாபகத்தையே மாற்றிக்கொண்டார். நான் அழுதேன். தப்பு என்னுதுங்க, மன்னிச்சுருங்க என்றேன். அந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவர் கேட்டது அன்றைக்குத்தான். அவர் மெதுவாகச் சொன்னார்:

“மகேந்திரன் அன்னைக்கே சொன்னாரு. ஒவ்வொண்ணுக்கும் செட் பண்ணணும்னு. நீதான் வேணாம்னே.”

தினேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. காரிலிருந்த பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தாள். நேத்து என்ன சாப்பிட்டீங்க என்று அப்புறம் அவள் கேட்கவே இல்லை. மாலையில் மகேந்திரன் வந்தார். வாசலிலேயே என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. வீட்டுக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது. வரிசையில் மேலே போகப் போக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்தது. ஒரு வீட்டில் பிள்ளைகளை அடித்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் வயரையே மாற்றக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பேச்சு வார்த்தை இல்லை. எல்லாரும் நம் வீட்டில் மட்டும்தான் கோளாறு என்று மூடி மறைத்திருக்கிறார்கள்.

இவருடைய ரிமோட்டை இவர் கையிலேயே கொடுத்து, இது இந்த வீட்டுக் காற்றாடிக்கு மட்டும்தான் என்று மகேந்திரன் இரண்டு தடவை காட்டினார். நானும் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி வேலைக்குப் போனேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். இவர் நாற்காலியில் இருந்தார், காற்றாடி ரிமோட் எதிரே டிவி மேல் இருந்தது. தூரத்தில் இடி இடித்தது. கரண்ட் போய்விட்டது. டிவி அணைந்தது. காற்றாடி மெல்ல மெல்ல வேகம் குறைந்தது.

இவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். வலது கை தலைக்கு மேல் போனது. இடது கை தோள்வரைதான் வந்தது, அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

“நான் தொடலை,” என்றார்.

“அக்கா, அங்கயும் கரண்ட் போச்சா?” என்று துளசி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். எழுந்து போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கி மடியில் வைத்தேன். டிவி மேல் கிடந்த அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்ட் வரும்வரை அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.